வாடகை குறைந்தால் செலவு குறையுமா? சென்னை, கோவை, திருச்சி: எங்கள் வீட்டுக் கணக்கு

"அண்ணே, திருச்சில டபுள் பெட்ரூம் இப்ப என்ன ரேட்டு போகுது?"

போன ஜனவரியில் பொங்கலுக்கு வந்துவிட்டுப் போன தங்கை, மேடவாக்கம் போய்ச் சேர்ந்த கையோடு அனுப்பிய செய்தி இது. மாப்பிள்ளையின் கம்பெனியில் புது ஏற்பாடு சொல்லியிருந்தார்கள். சென்னை அலுவலகத்தோடு இருந்தால் மாதத்துக்கு நான்கு நாள் வந்தால் போதும், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அல்லது கோவை சரவணம்பட்டிக் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம், அங்கே வாரம் மூன்று நாள் போகவேண்டும். சம்பளம் இரண்டிலும் அதேதான். ஆக மூன்று வழி: மேடவாக்கத்திலேயே இருப்பது, கோவைக்குப் போவது, அம்மா இருக்கும் திருச்சிக்கு வருவது.

நான் திருச்சிக்காரன். உறையூரில் பிறந்து வளர்ந்தவன். "வந்துடு" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. அதனாலேயே என் பேச்சை நானே நம்பாமல் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கீழே வரும் தொகைகள் எல்லாம் நாங்கள் நேரில் போயும் போனிலும் விசாரித்தபோது கிடைத்தவை. உங்கள் தெருவில் ஆயிரம் ரெண்டாயிரம் முன்பின் இருக்கலாம்.

முதலில் ஒன்று. இணையத்தில் "இந்த நகரத்தில் சராசரி வாடகை இவ்வளவு" என்று ஒரு எண் போடுகிறார்கள். திருச்சிக்கு அப்படி ஒரு எண்ணைப் பார்த்துத்தான் தங்கை கேட்டாள். தில்லை நகரில் கிராஸ் தெருவில் லிஃப்ட், கார் நிறுத்தும் இடத்தோடு இருக்கும் பிளாட் ஒன்று 20,000 ரூபாய். அரியமங்கலம் பக்கம் அதே இரண்டு படுக்கையறை 7,500. இரண்டையும் கூட்டி வகுத்தால் வருகிற வாடகைக்கு இந்த இரண்டு இடத்திலும் வீடு கிடையாது. நமக்கு வேண்டியது நம் பிள்ளையின் பள்ளிக்கும் நம் வேலைக்கும் பக்கத்தில் என்ன கேட்கிறார்கள் என்பது.

சரி, வாடகைக்கு வருவோம்.

மேடவாக்கத்தில் அவர்கள் இருப்பது ஐந்து மாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. வாடகை 19,000, மெயின்டனன்ஸ் 3,200. இதே அளவு வீடு வேளச்சேரியில் 25,000க்குக் குறைந்து கிடைக்கவில்லை. தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் போனால் 14, 15 ஆயிரத்துக்கு உண்டு. அந்த 3,200ஐப் பிரித்துப் பார்த்தால்தான் சென்னை புரியும். பாதிக்கு மேல் தண்ணீர் லாரிக்குப் போகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சங்கத்துக் குழுவில் "இந்த மாதம் கூடுதல் 800" என்று செய்தி வரும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரிக்காரர் சொன்னதுதான் விலை. நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர் ஆலை 2024இல் வந்தபிறகும் குழாய் எட்டாத குடியிருப்புகளுக்கு லாரிதான் கதி. தண்ணீர் இல்லாத கவலை ஒரு பக்கம் என்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது இன்னொரு பக்கம். மாப்பிள்ளையின் பைக் இரண்டு நாள் முழுகிக் கிடந்தது. அந்த ரிப்பேர் செலவு எந்த வாடகைப் பட்டியலிலும் வராது.

கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம் வட்டாரம் பத்து வருடத்துக்கு முன்பு மலிவு. இப்போது ஐ.டி. கம்பெனிகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. டபுள் பெட்ரூம் 16, 17 ஆயிரத்துக்குக் கீழே பார்க்கவே முடியவில்லை, மெயின்டனன்ஸ் இரண்டரை ஆயிரம் தனி. ஆர்.எஸ்.புரம், சாயிபாபா காலனி என்றால் சென்னை வாடகைதான், பேச்சே இல்லை. வடவள்ளியில் 12,500க்கு நல்ல வீடு ஒன்று இருந்தது. மருதமலை தெரியும், காற்று வரும், மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் வடவள்ளி நகரத்தின் மேற்கு மூலை, சரவணம்பட்டி வடகிழக்கு. வாரம் மூன்று நாள் ஊரைக் குறுக்கே கடந்து போய் வரவேண்டும். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள், நல்ல விஷயம். ஆனால் சரவணம்பட்டி இருப்பது சத்தி சாலையில், அங்கே போகிறவனுக்கு அதனால் என்ன?

கோவையில் வீடு பார்ப்பவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி "சிறுவாணியா, பில்லூரா, போரா?" என்பது. வீட்டுக்கு வருவது எந்த அணைத் தண்ணீர், இல்லை போர்வெல் தண்ணீரா என்று அர்த்தம். ஊரின் பழைய பகுதிகளில் சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகியவர்கள் வேறு தண்ணீரைத் தொடமாட்டார்கள், அவ்வளவு ருசி. புறநகரில் குழாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் "தினமும் வரும்" என்றார் புரோக்கர். எதிர்வீட்டு அக்கா சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திருச்சியில் தெருவுக்குத் தெரு கதை மாறும். தில்லை நகர், கன்டோன்மென்ட் பணக்கார வாடகை. கே.கே.நகரில் 11 முதல் 15 ஆயிரம். ஏர்போர்ட் பக்கம் என்பதால் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் கட்டிய வீடுகள் நிறைய, ஆனால் பள்ளி நேரத்தில் ஊருக்குள் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உறையூர், புத்தூர், வயலூர் சாலை, சீனிவாச நகர் பக்கம் தனி வீட்டின் மாடிப் போர்ஷன் 10, 12 ஆயிரம். இங்கே அடுக்குமாடியைவிட மாடிப் போர்ஷன்தான் லாபம். மெயின்டனன்ஸ் கிடையாது, மோட்டாருக்கு மாதம் 200 கொடுத்தால் சரி. காவிரியும் கொள்ளிடமும் ஓடுகிற ஊர் என்பதால் தண்ணீர் லாரி என்ற சொல்லே பல வீடுகளில் தெரியாது. கருமண்டபம், எடமலைப்பட்டிப் புதூரில் மட்டும் கொஞ்ச நாளாக வீட்டுக்காரர்கள் பஞ்சப்பூர் பேருந்து முனையத்தைக் காட்டி வாடகையைக் கூட்டுகிறார்கள். 2025 ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகள் அங்கிருந்து கிளம்புகின்றன. எங்களுக்கு அது லாபமா என்றால் இல்லை. ராத்திரி அங்கே இறங்கி உறையூருக்கு ஆட்டோ பிடித்தால் முந்நூறு ரூபாய் போய்விடும்.

ஸ்ரீரங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அழகான ஊர், சத்தம் குறைவு, ஒன்றாம் நம்பர் பஸ் எப்போதும் உண்டு. வாடகையும் தில்லை நகர் அளவுக்கு இல்லை. ஆனால் பத்து வீடு கேட்டால் ஆறில் "சைவம்தானே?" என்ற கேள்வி முதலில் வருகிறது. தங்கை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் கிடையாது. சில இடங்களில் கேள்வி அதோடு நிற்பதில்லை. "பூர்வீகம் எது?" என்று ஆரம்பித்து, தாத்தா பெயர்வரை விசாரித்து, நாம் யார் என்று கண்டுபிடித்த பிறகு "வீட்டை விடலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கோம்" என்பார்கள். இது ஸ்ரீரங்கத்தில் மட்டும் என்று நினைக்காதீர்கள், மூன்று ஊரிலும் வேறு வேறு வார்த்தையில் கேட்டோம். சென்னையின் பெரிய அடுக்குமாடிகளில் இந்த விசாரணை கொஞ்சம் குறைவு. அந்த நிம்மதிக்கும் சேர்த்துத்தான் அங்கே வாடகை என்று தங்கை சொன்னாள், நான் பதில் சொல்லவில்லை.

இனி அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவும் செய்யச் சொல்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாதம், பத்து மாதம் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேடவாக்கத்தில் ஒரு லட்சம் கொடுத்திருந்தார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்போம் என்பது அங்கே எழுதாத சட்டம். திருச்சியில் 50, 60 ஆயிரத்தில் முடிந்தது. கோவையில் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்டார், பேசிப்பேசி ஒரு லட்சத்துக்கு இறங்கினார்.

திருச்சி, மதுரைப் பக்கம் இன்னொரு வழியும் உண்டு: ஒத்தி. போக்கியம் என்றும் சொல்வார்கள். ஐந்தாறு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாதவாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருப்பது, போகும்போது பணத்தை முழுசாக வாங்கிக்கொள்வது. புத்தூரில் ஒரு வீடு ஆறு லட்சத்துக்கு ஒத்திக்கு வந்தது. கணக்குப் போட்டால் கண்ணைக் கட்டும். ஆறு லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 42,000, அதாவது மாதம் 3,500. அப்படியென்றால் 11,000 ரூபாய் வாடகை வீட்டில் 3,500 ரூபாய்க்குக் குடியிருப்பதுபோல. மாப்பிள்ளை உடனே துள்ளிவிட்டார். "மச்சான், இதையே முடிச்சிருவோம்!"

எனக்கு அதில்தான் பயம். ஒருவர் மாதம் 11,000 வாடகையை விட்டுவிட்டு ஆறு லட்சத்தை மொத்தமாகக் கேட்கிறார் என்றால் அவருக்கு வெளியே அதைவிடப் பெரிய வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தோம். வீட்டின் பேரில் ஒரு வங்கி அடமானம் இருந்தது. கடனைக் கட்டாமல் வங்கி வீட்டில் நோட்டீஸ் ஒட்டினால், பதிவு செய்யாத ஒத்திப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நாம் பின்னால் அலையவேண்டியதுதான். ஒத்தி தப்பான ஏற்பாடு இல்லை, என் சித்தப்பா இருபது வருடம் ஒத்தி வீடுகளிலேயே குடியிருந்தார். ஆனால் வில்லங்கம் பார்க்காமல், பத்திரத்தைப் பதிவு செய்யாமல் போகக்கூடாது. பதிவுக்கு ஒத்துக்கொள்ளாதவர் வீட்டு வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

கரண்ட் பில்லும் ஊருக்கு ஊர் மாறும் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் யோசித்தோம். கட்டணம் மாநிலம் முழுக்க ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் இருந்த சலுகை விலையும் போய் பில் எகிறும். திருச்சி வெயில் தெரியுமல்லவா, சித்திரையில் நாற்பது டிகிரி சர்வசாதாரணம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மனிதர் பகலிலும் ஏ.சி. போடுவார். 500க்குள் நிற்காது. கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தச் செலவை மிச்சப்படுத்தும். சென்னை பில்லோடு பார்த்தால் இரண்டு மாதத்துக்குத் திருச்சியில் ஆயிரம் ரூபாய் கூடும், கோவையில் ஆயிரம் குறையும் என்று போட்டுக்கொண்டோம். திருச்சி மாடிப் போர்ஷனில் இன்னொரு தொல்லை. ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் வைத்து, சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் பத்து ரூபாய் என்று வாங்குகிறார்கள். இலவச 100 யூனிட் வீட்டுக்காரர் கணக்கில் போய்விடும். தனி இ.பி. கார்டு உண்டா என்று வாடகை பேசும் முன்பே கேளுங்கள்.

எதில் வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆவின் பால், கேஸ் சிலிண்டர், போன் கட்டணம், ரேஷன் அரிசி, மருந்துக்கடை, ஆன்லைன் ஆர்டர் எல்லாம் மூன்று ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலை. "சின்ன ஊர், எல்லாமே மலிவு" என்பது பாதிப் பொய். காய்கறி மட்டும் தென்னூர் உழவர் சந்தையிலோ காந்தி மார்க்கெட்டிலோ வாங்கினால் மாதம் ஐந்நூறு, அறுநூறு மிஞ்சும். கோவையிலும் உழவர் சந்தைகள் நன்றாக நடக்கின்றன. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு மேடவாக்கத்தில் 3,000, திருச்சியில் 2,000. இதை மிச்சம் என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நம் மிச்சம் இன்னொருவர் கூலி.

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் உண்டு. சென்னையில் தங்கை பள்ளிக்குப் போக இதைத்தான் நம்பியிருந்தாள். திருச்சியிலும் கோவையிலும் டவுன் பஸ்களில் தனியார் வண்டிகள் அதிகம், அவற்றில் டிக்கெட் எடுக்கவேண்டும். அரசு பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் மாதம் சில நூறு கைவிட்டுப் போகும். சின்னத் தொகைதான்.

இப்போது பெரிய தொகைக்கு வருகிறேன். என்னையே திடுக்கிட வைத்தது இதுதான்.

தங்கை தனியார் பள்ளி ஆசிரியை. சென்னையில் 26,000 வாங்குகிறாள். பத்து வருட அனுபவம், பி.எட்., எல்லாம் உண்டு. திருச்சியில் நான்கு பள்ளிகளில் கேட்டோம். ஒன்றில் 14,000 என்றார்கள். இன்னொன்றில் "சம்பளத்தை அப்புறம் பேசிக்கலாம் மேடம், முதல்ல டெமோ கிளாஸ் எடுங்க" என்று சொல்லி முழு நாளும் பாடம் நடத்த வைத்து, காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். கடைசியில் நல்லதாக அமைந்தது 17,000. கோவையில் 22,000 வரை ஒத்துக்கொண்டார்கள். ஊர் மலிவு என்றால் அந்த ஊரில் உழைப்பும் மலிவு. கம்பெனி சம்பளத்தைச் சென்னையிலிருந்து கொண்டுவருகிற மாப்பிள்ளைக்குத்தான் திருச்சி மலிவு. அங்கேயே வேலை தேடவேண்டிய தங்கைக்கு இல்லை.

அடுத்தது ரயில். மாதம் நான்கு நாள் அலுவலகம் என்றால், இரண்டு இரண்டு நாளாகச் சேர்த்து மாதம் இரண்டு முறை போய்வரவேண்டும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியுமுன் தாம்பரம், அங்கிருந்து அலுவலகம் பக்கம். ஸ்லீப்பரில் 250 ரூபாய் அளவில் ஆகும், மூன்றாம் வகுப்பு ஏ.சி. என்றால் 600க்கு மேல். திருநெல்வேலியிலிருந்து வரும் வந்தே பாரத் வேகமான வண்டிதான், ஆனால் எழும்பூர் போய்ச் சேர மதியம் ஆகிவிடும், காலையில் ஆபீஸ் போகிறவருக்குப் பயன்படாது. நடுவில் ஒரு ராத்திரி தங்க விடுதி, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து மாதம் 4,500 என்று போட்டோம். கம்பெனி நாளைக்கே "வாரம் மூன்று நாள் வா" என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கு மொத்தமும் கவிழும். கோவையில் அந்த அபாயம் கிடையாது. இந்த வேலை போனாலும் பீளமேடு டைடல் பார்க்கோ சரவணம்பட்டியோ பக்கத்திலேயே அடுத்தது தேடலாம். திருச்சியில் நவல்பட்டு ஐ.டி. பூங்கா உண்டு, ஆனால் கோவையோடு ஒப்பிட முடியாது. பெல் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை என்று வாழ்ந்த ஊர் இது, மாப்பிள்ளை செய்கிற வேலைக்கு இங்கே கதவுகள் குறைவு.

இனி கூட்டல் கழித்தல். சென்னையிலிருந்து திருச்சி வந்தால் மாதத்துக்கு வாடகையில் 7,500 மிச்சம் (19,000க்குப் பதில் 11,500), மெயின்டனன்ஸில் 3,000, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் 3,100 (வருடம் 85,000க்குப் பதில் 48,000), வேனில் 1,000, வீட்டு வேலைக்கு 1,000, பெட்ரோலில் 1,000, சனி ஞாயிறு வெளியே போய்ச் செலவழிப்பதும் காய்கறியும் சேர்த்து 2,000. மொத்தம் 18,600. இந்த எண்ணைப் பார்த்ததும் மாப்பிள்ளை பேக்கிங் அட்டைப்பெட்டிக்கே விலை விசாரித்துவிட்டார். அதில் கரண்டுக்கு 500 போகட்டும், ரயிலுக்கு 4,500 போகட்டும், 13,600. தங்கை சம்பளத்தில் குறையும் 9,000 போனால் நிற்பது 4,600.

வாடகையில் மிச்சமாகும் 7,500கூட முழுசாகக் கைக்கு வரவில்லை, பாருங்கள். முதல் வருடம் அந்த 4,600ம் கையில் நிற்காது. பன்னிரண்டு மாதத்துக்கு 55,200. சாமான் ஏற்றிவர லாரிக்கு 24,000, புரோக்கருக்கு 6,000, பழைய வீட்டில் பெயின்டுக்குப் பிடிக்கும் 19,000, ஆக 49,000. மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சம். புதுப் பள்ளிச் சேர்க்கைக் கட்டணத்தை இதில் சேர்க்கவே இல்லை.

கோவைக்கு இதே கணக்கைப் போட்டால் வாடகையில் 2,000, மெயின்டனன்ஸில் 700, பள்ளி, வேன், வேலைக்காரம்மா, பெட்ரோல், வெளிச் செலவு எல்லாம் சேர்ந்து 2,900, கரண்டில் 500, மொத்தம் 6,100. சம்பளத்தில் 4,000 போனால் 2,100. சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இருவரில் ஒருவர் லீவு போடவேண்டும். மருத்துவ வசதியில் கோவைக்குக் குறை இல்லை, கேரளாவிலிருந்துகூட வருகிறார்கள், அதை மறுக்கவில்லை.

ஆக வெறும் பணத்துக்காக என்றால் இந்த இரண்டு ஊரில் எதற்கும் வீடு மாற்றுகிற சிரமத்துக்கு ஏற்ற கூலி இல்லை. இதை நான் சொன்னபோது தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், "ஏண்ணே, ஸ்கூல் விட்டு அவ மூணரைக்கு வருவா. நான் அஞ்சு மணிக்கு வருவேன். இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மேடவாக்கத்துல டே-கேர்னு 4,000 கட்டுறேனே, அதை எழுதினியா?"

எழுதவில்லை. அம்மா வீட்டிலிருந்து சீனிவாச நகர் பத்து நிமிட நடை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்குச் சம்பளம் தேவையில்லை. நோட்டில் 4,600ஐ அடித்துவிட்டு 8,600 என்று எழுதினேன். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி உண்டு, அதையும் எழுதவேண்டும் என்று நினைத்தேன். எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

என் யோசனையைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். இருவருமே உள்ளூரில் சம்பாதிக்கவேண்டிய குடும்பம் என்றால் கோவை. ஒருவரின் சம்பளம் வெளியூரிலிருந்து வருகிறது, திருச்சியில் பெற்றவர்களோ மாமியாரோ இருக்கிறார்கள் என்றால் திருச்சி. இரண்டும் இல்லாமல், இணையத்தில் வாடகை குறைவு என்று பார்த்த ஒரே காரணத்துக்காக என்றால், சென்னையிலேயே தாம்பரம் பக்கம் நகர்ந்து நான்காயிரத்தை மிச்சம் பிடியுங்கள், சாமான் ஏற்றும் லாரிச் செலவாவது குறையும்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஏப்ரல், மேயில்தான் வீடு தேடுவார்கள், வாடகை ஏறிக்கிடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள், அப்போது பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரரிடம் பேசினால் ஐந்நூறு, ஆயிரம் இறங்குவார். பள்ளிப் பிள்ளை இல்லாதவர்கள் ஆடியில் பேசி முடித்துவிட்டு ஆவணியில் குடிபோகலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

போன வாரம் சீனிவாச நகர் மாடி வீட்டுக்கு 5,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். வாடகை 11,500, தனி இ.பி. கார்டு, வைகாசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவது என்று முடிவு. வீட்டுக்கார அம்மா மீனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"சுவத்துல புதுசா ஆணி மட்டும் அடிக்காதீங்க தம்பி. நாங்க அடிச்சது பன்னெண்டு இருக்கு, அது போதும்."

படம் எடுத்து அனுப்பினேன். தங்கை எண்ணிப் பார்த்துவிட்டு, பதினொன்றுதான் இருக்கிறது என்று பதில் போட்டாள்.